ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் தைராய்டு கெடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று பல வருடமாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. கேட்பவர் கையில் ஒரு புதுச் சீட்டு இருக்கும். அதில் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கும். வீட்டில் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை டப்பா இருக்கும். இரண்டும் சேரலாமா என்பதுதான் சந்தேகம். உங்கள் டாக்டர் சொல்வதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ஐந்து நாள் அமாக்சிசிலின் சாப்பிட்டேன். என் தைராய்டு பாதிக்குமா?

பாதிக்காது. அமாக்சிசிலின், அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது, செஃபிக்சைம், அசித்ரோமைசின், நைட்ரோஃபியூரன்டாயின் என்று சளி, பல், காது, சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாக எழுதப்படும் எதுவும் தைராய்டு சுரப்பியை நேரடியாகத் தொடுவதாகத் தெரியவில்லை. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத்தான் உடைக்கின்றன. நம் செல்களுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. தைராய்டு சுரப்பி பல வாரத்துக்கு வேண்டிய ஹார்மோனைச் சேமித்து வைத்திருக்கும். ரத்தத்தில் ஓடும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். இப்படி மெதுவாக நகரும் ஒன்றை ஐந்து நாள் மாத்திரை ஆட்டிவைப்பது கடினம்.

அப்படியானால் காய்ச்சல் விட்டதும் எடுத்த டெஸ்டில் டி.எஸ்.எச். ஏன் ஏறியிருந்தது?

டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடியில் உள்ள சுரப்பி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், அதிகமானால் இறங்கும். பழி மாத்திரை மேல் விழும் இடம் இதுதான். மாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் நோயே.

கடுமையான நிமோனியா, டைஃபாய்டு, ஆபரேஷன் என்று உடம்புக்குப் பெரிய சோதனை வரும்போது, அது செலவைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். முதலில் இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி3 இறங்கும். நோய் கடுமையானால் டி4 கூட இறங்கும். டி.எஸ்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ இருக்கும். பிறகு உடம்பு தேறும்போது டி.எஸ்.எச். கொஞ்ச நாள் மேலே போகும். பொதுவாக 4 அல்லது 5 வரை சாதாரணம் என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். தேறும் கட்டத்தில் அது 10-ஐத் தாண்டுவதும் உண்டு, சிலருக்கு 20 அருகில்கூடப் போகும். பிறகு தானாகவே இறங்கிவிடும். தைராய்டு சுரப்பியில் கோளாறு இல்லாமலே வரும் மாற்றம் இது.

அந்த நேரம் பார்த்து 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ் ஒன்றை எடுத்து, வந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, ஆயுளுக்கும் மாத்திரை ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலோடு தைராய்டு டெஸ்ட் எடுக்காதீர்கள். நோய் விட்டு ஆறு வாரம் போகட்டும். டாக்டருக்குத் தைராய்டு மேலேயே சந்தேகம் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ காத்திருக்கத் தேவையில்லை, அவர் சொல்லும்போது எடுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் எழுதியிருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையை அதுவரை நிறுத்தட்டுமா?

நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் லெவோதைராக்ஸின் (எல்ட்ராக்சின், தைரோநார்ம் எல்லாம் இதுதான்) குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. பல வாரம் இரண்டையும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுவந்த சிலருக்கு டி.எஸ்.எச். வெகுவாக ஏறியது. இடைவெளி விட்டுச் சாப்பிடத் தொடங்கியதும் இறங்கியது. அதாவது, சிப்ரோ சுரப்பியைக் கெடுக்கவில்லை, மாத்திரை உள்ளே போகும் வழியை மறித்திருக்கிறது.

சிப்ரோ நாளைக்கு இரண்டு வேளை. காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை போட்டால், சிப்ரோவை 11 மணிக்கும் ராத்திரி 11 மணிக்கும் வைத்துக்கொள்ளலாம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி போதும். ஒரு வாரத்துக்குள் முடியும் மருந்தென்றால், ஓரிரு நாள் மறந்து சேர்த்து விழுங்கிவிட்டாலும் குடி முழுகாது. எலும்புத் தொற்று, புராஸ்டேட் தொற்று என்று வாரக்கணக்கில் போகிறவர்கள்தான் நேரத்தைக் கறாராகப் பார்க்க வேண்டும்.

ஆன்டிபயாடிக்கோடு ஒரு கேஸ் மாத்திரையும் கொடுத்தார்கள். அதுவும் வெறும் வயிற்றில், தைராய்டும் வெறும் வயிற்றில். எதை முதலில் போடுவது?

இருப்பது ஒரே ஒரு வெறும் வயிறு. அதற்குப் போட்டி மூன்று மாத்திரை! கேலிக்குச் சொன்னாலும் நம் ஊரில் நிஜமான சிக்கல் இதுதான். இங்கே ஆன்டிபயாடிக் தனியாக வருவதே அபூர்வம். கூடவே பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, சில சமயம் வயிற்றெரிச்சலுக்கு ஒரு சிரப். ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதன் துணைக்கு வந்தவற்றைக் கவனிப்பதில்லை.

வரிசை சொல்கிறேன். எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். அரை மணி நேரம் கழித்துக் கேஸ் மாத்திரை. இன்னொரு அரை மணி கழித்துக் காபியோ டிபனோ. ஆன்டிபயாடிக்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தால் டிபனுக்குப் பிறகு. சிப்ரோ என்றால் மட்டும் மேலே சொன்ன இடைவெளி.

இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் சிரப், சுக்ரால்ஃபேட் இவை லெவோதைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதே கால்சியமும் இரும்பும் சிப்ரோவையும் டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும்கூடப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை மதியத்துக்குத் தள்ளினால் இரண்டு பக்கமும் லாபம்.

பான்டோபிரசோல் வேறு கதை. அது வயிற்று அமிலத்தை நாள் முழுக்கக் குறைக்கிறது. தைராய்டு மாத்திரை கரைய அந்த அமிலம் வேண்டும். எனவே நேரம் மாற்றிப் போட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. ஐந்து நாளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தால், மெதுவாக டி.எஸ்.எச். ஏறும்.

அம்மாவுக்கு டிபி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எனக்கு உண்மையிலேயே அக்கறை உள்ள கேள்வி இது.

காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று. சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அதுதான். அது கல்லீரலில் உள்ள சில நொதிகளை முடுக்கிவிடும். அந்த நொதிகள் டி4 ஹார்மோனை வழக்கத்தைவிட வேகமாக மாற்றிப் பித்தநீர் வழியே வெளியே அனுப்பிவிடும். நல்ல சுரப்பி உள்ளவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. சுரப்பி கூடுதலாக உற்பத்தி செய்து ஈடுகட்டிவிடும். மாத்திரையை நம்பி இருப்பவருக்கு ஈடுகட்ட ஆள் இல்லை. நேற்றுவரை சரியாக இருந்த அதே 75 மைக்ரோகிராம் இன்று போதாது.

ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு அழற்சி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது) உள்ளே இருந்து, மாத்திரை தேவைப்படாமல் சமாளித்துக்கொண்டிருந்த சிலருக்கும், ரிஃபாம்பிசின் தொடங்கிய சில வாரங்களில் ஹைப்போ, அதாவது தைராய்டு ஹார்மோன் குறைபாடு, வெளிப்பட்டிருக்கிறது.

சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முகம் ஊதுவது என்று அறிகுறி வரும்போது, 'டிபி வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவார்கள். இங்கேதான் தவறுகிறது. மருந்து தொடங்கும்போதே டிபி யூனிட்டில் அம்மாவுக்குத் தைராய்டு இருப்பதைச் சொல்லுங்கள். தொடங்கும்போது ஒரு டி.எஸ்.எச்., நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று எடுங்கள். ஏறியிருந்தால் டாக்டர் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவார். டிபி மருந்தை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

இதன் மறுபாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாதாரண டிபிக்குச் சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ரிஃபாம்பிசின் கடைசிவரை உண்டு. அது நின்றதும் சில வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். கூட்டிய தைராய்டு அளவு அப்படியே நீடித்தால், இப்போது அது அதிகமாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆறாம் மாதம் முடிந்து ஆறு வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். என்று காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

இடையில் ஒன்று: ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினையும் இதே மாதிரி வலுவிழக்கச் செய்யும். வீட்டில் யாராவது அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே டிபி மருந்தும் எடுத்தால், டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்றார்கள். அதற்கான மருந்தில் தைராய்டு வருமாமே?

வரலாம். அதில் கொடுக்கப்படும் எத்தியோனமைடும், பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் சுரப்பியின் உள்ளேயே கைவைப்பவை. அயோடினை ஹார்மோனாகக் கட்டும் வேலையைத் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஹைப்போ வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். சிலருக்குக் கழுத்தில் வீக்கமும் தெரியும்.

எல்லா நோயாளிகளுக்கும் இவை கொடுப்பதில்லை. பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த புதிய கூட்டுச் சிகிச்சையில் இவ்விரண்டும் கிடையாது. உங்கள் சீட்டில் இருந்தால், தொடங்கும் முன்பும் இடையிடையேயும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ஏறினால் லெவோதைராக்ஸின் சேர்த்துக்கொண்டு டிபி மருந்தைத் தொடர்வார்கள். மருந்து முடிந்ததும் பெரும்பாலும் சுரப்பி பழையபடி வேலை செய்யத் தொடங்கும். ஆயுளுக்கும் மாத்திரை என்று மனசு உடைய வேண்டாம்.

சல்ஃபா மருந்து தைராய்டைக் கெடுக்கும் என்று படித்தேன். கோட்ரைமாக்சசோல் சாப்பிடலாமா?

படித்தது முழுப் பொய் இல்லை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில், குடல் பாக்டீரியாவைப் பற்றி ஆராய எலிகளுக்கு சல்ஃபாகுவானிடின் என்ற சல்ஃபா மருந்தைக் கொடுத்தார்கள். எலிகளின் தைராய்டு பெரிதாக வீங்கியது. யாரும் எதிர்பார்க்காத முடிவு. ஹார்மோன் உற்பத்தி தடைபட்டதால் வந்த வீக்கம் அது என்று புரிந்ததும், இந்தக் 'கெடுதலை' ஹைப்பர் தைராய்டுக்கு (ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதற்கு) மருந்தாக்கலாமே என்று யோசித்தார்கள். 1943-இல் பாஸ்டனில் எட்வின் ஆஸ்ட்வுட் என்ற மருத்துவர் தயோயூரியாவையும் தயோயூரசிலையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைய கார்பிமசோல் அந்த வழியில் வந்தது. ஒரு ஆன்டிபயாடிக்கின் பக்கவிளைவிலிருந்து ஒரு தைராய்டு மருந்தே பிறந்திருக்கிறது!

சரி, உங்கள் கோட்ரைமாக்சசோல்? மனிதர்களுக்கு வழக்கமான அளவில், வழக்கமான நாட்களுக்குச் சாப்பிட்டால் தைராய்டில் பொருட்படுத்தும்படியான மாற்றம் வருவதில்லை. நாய்கள் இதில் நம்மைவிட மென்மையானவை. சல்ஃபா வகை மருந்தைச் சில வாரம் கொடுத்தால் அவற்றுக்கு ஹைப்போ வரலாம், நிறுத்தினால் சரியாகும். வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவர் எழுதியிருந்தால் இதை அவரிடம் கேளுங்கள்.

சிப்ரோ, லீவோஃப்ளாக்சசின் எல்லாவற்றிலும் ஃப்ளூரைடு இருக்கிறது, அது தைராய்டை அழிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பெயரில் ஃப்ளோரின் வருவது உண்மை. அந்த ஃப்ளோரின் அணு கார்பனோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அது கழன்று ஃப்ளூரைடாக உடம்பில் சுற்றுவதில்லை. இந்த வகை மருந்துகளைப் பார்த்துப் பயப்பட வேறு நியாயமான காரணங்கள் உண்டு: தசைநாண் அழற்சி, நரம்புப் பாதிப்பு, சர்க்கரை ஏறி இறங்குவது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை.

பருவுக்கு மினோசைக்ளின் மாதக்கணக்கில் சாப்பிடுகிறேன். ஏதும் ஆகுமா?

இது விசித்திரமான ஒன்று. நீண்ட நாள் மினோசைக்ளின் சாப்பிட்ட சிலரின் தைராய்டு சுரப்பி கன்னங்கரேலென்று ஆகிவிடும். வேறு காரணத்துக்கு ஆபரேஷன் செய்யும்போதுதான் தெரியவரும், அறுவைச் சிகிச்சை செய்பவரே திகைப்பார். நிறம் மாறினாலும் வேலை பெரும்பாலும் மாறுவதில்லை. மிக அரிதாகச் சுரப்பி அழற்சி வந்ததுண்டு. மாதக்கணக்கில் போவதால் தோல் டாக்டரிடம் தைராய்டு பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஹைப்பருக்கு கார்பிமசோல் சாப்பிடுகிறேன். காய்ச்சல், தொண்டை வலி. கடையில் ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கார்பிமசோல், மெத்திமசோல், புரொப்பில்தயோயூரசில் ஆகிய மூன்றும் அரிதாக, ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை, ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையை அடியோடு குறைத்துவிடும். நோய்க்கிருமியோடு முதலில் மோதும் அணுக்கள் அவைதான். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் வரும், பிறகும் வரலாம். முதல் அறிகுறி காய்ச்சலும் தொண்டை வலியும், வாய்ப்புண்ணும். பார்க்கச் சாதாரணச் சளி மாதிரியே இருக்கும்.

அப்போது செய்ய வேண்டியது: அடுத்த வேளை கார்பிமசோலைப் போடாமல், அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, வெள்ளை அணுக்களின் வகைவாரி எண்ணிக்கையோடு ரத்தப் பரிசோதனை எடுப்பது. எண்ணிக்கை நன்றாக இருந்தால் மாத்திரையைத் தொடரலாம், தொண்டைக்கும் வைத்தியம் பார்க்கலாம். குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பு வழியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், அந்தத் தைராய்டு மாத்திரையை அதற்குப் பிறகு தொடவே கூடாது. போன மாதம் எடுத்த டெஸ்ட் நன்றாக இருந்தது என்பது உத்தரவாதம் அல்ல. சில நாளிலேயே அணுக்கள் சரிந்துவிடக்கூடும்.

கடையில் நிற்பவனாக ஒரு வருத்தம். கார்பிமசோல் வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம் இதை யாரும் சொல்லியிருப்பதில்லை. நான் சொன்னால், "சீட்டில் எழுதவில்லையே" என்பார்கள்.

இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் போட்டும் தொண்டை வலி போகவில்லை. பிறகு தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. மருந்தால் வந்ததா?

வலி தொண்டைக்குள்ளா, கழுத்தின் முன்பக்கமா? தொட்டால் வலித்து, காதுப்பக்கமும் தாடைப்பக்கமும் இழுத்தால், அது தைராய்டு அழற்சியாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குச் சில வாரம் கழித்து வருவது. சுரப்பி புண்பட்டு, சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டும், அதனால் டி.எஸ்.எச். தரைதட்டும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண் மிகவும் ஏறியிருக்கும். தொண்டைப் புண் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்காது, ஏனென்றால் அங்கே பாக்டீரியாவே இல்லை. வலி மாத்திரைக்கோ, சில சமயம் ஸ்டீராய்டுக்கோதான் கேட்கும். இதற்குக் கார்பிமசோலும் தேவையில்லை.

எனவே மருந்து முதலில், தைராய்டு பிறகு என்று உங்களுக்குத் தோன்றினாலும், நடந்தது தலைகீழ்.

வயிற்றில் ஹெச். பைலோரி கிருமிக்கு இரண்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இப்போது என் தைராய்டு மாத்திரை அதிகம் என்கிறார்களே?

நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கிருமியால் வரும் இரைப்பை அழற்சி அமிலத்தைக் குறைத்து, உங்கள் தைராய்டு மாத்திரையின் ஒரு பகுதியை வீணாக்கிக்கொண்டிருந்திருக்கும். அதற்கு ஈடாக டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். கிருமி போய் வயிறு தேறியதும் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறது, பழைய அளவு மிஞ்சுகிறது.

ஆன்டிபயாடிக்கோடு கொடுத்த பி-காம்ப்ளக்ஸ் டெஸ்டை மாற்றுமா?

சாதாரண பி-காம்ப்ளக்ஸில் உள்ள பயோட்டின் மிகக் கொஞ்சம், பயப்படத் தேவையில்லை. முடி கொட்டுவதற்கென்று 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை தனியாகச் சாப்பிடுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். சில லேப் இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும், டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

புண்ணுக்குப் போடும் பெட்டாடின்?

அது ஆன்டிபயாடிக் அல்ல, அயோடின் கலந்த கிருமிநாசினி. சிராய்ப்புக்குத் தடவினால் ஒன்றும் இல்லை. பெரிய தீக்காயத்தில் நாள் கணக்கில் போடும்போதும், பச்சிளங்குழந்தையின் தோலில் பூசும்போதும் அயோடின் உள்ளே போய்த் தைராய்டைக் குழப்பலாம். பச்சிளங்குழந்தைக்கு நீங்களாகப் போடாதீர்கள்.

தைராய்டுக்குப் பயந்து ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கலாமா?

தேவையான இடத்தில் தவிர்ப்பதுதான் ஆபத்து. கட்டுப்பாட்டில் இல்லாத ஹைப்பர் உள்ளவருக்கு ஒரு கடும் தொற்று வந்தால், தைராய்டு புயல் என்று சொல்லும் உயிராபத்தான நிலைக்குத் தள்ளிவிடலாம். பல வருடம் மாத்திரை போடாத ஹைப்போ நோயாளி தொற்றால் மயக்கநிலைக்குப் போனதும் உண்டு.

தேவையில்லாத இடத்தில் தவிருங்கள், அது வேறு. வைரஸ் சளிக்கு அலமாரியில் மீந்த நான்கு மாத்திரையைப் போடுவது யாருக்கும் நல்லதில்லை. 2014-இலிருந்து பல ஆன்டிபயாடிக்குகளும் டிபி மருந்துகளும் இந்தியாவில் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கடையில் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் சீட்டு கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, டெஸ்ட் அன்று காலையில் தைராய்டு மாத்திரை போட்டுவிட்டுப் போகலாமா?

ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி4 கொஞ்சம் தூக்கலாகக் காட்டும். டி.எஸ்.எச். அவ்வளவு சீக்கிரம் அசையாது. மறந்து போட்டுவிட்டால் திரும்பி வர வேண்டாம், லேபில் அதைச் சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள்.